தலைமைப் பண்பு: பட்டப்படிப்பில் அது ஒரு பாடமாகலாமா?

கேள்வி: நான் குடியாத்தத்தைச் சேர்ந்தவள். வேலூரில் உள்ள ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த பருவத்துக்கான விருப்பப்பாடமாக டாலி (கணக்கு எழுதும் மென்பொருள்), தலைமைப் பண்பு ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இரண்டாவதில்தான் ஆர்வம். ஆனால் வகுப்பில் எழுந்து பேசவே தயங்குகிறவள் நான். வகுப்புப் பிரதிநிதியாக என்னை யாரும் நினைத்துப் பார்த்ததுகூட இல்லை. கைத்தறி நெசவாளரான என் அப்பா, "காமராஜர் எந்தக் கல்லூரியில் தலைமை படித்தார்? வேலைக்கு உதவுகிற டாலியைப் படி" என்கிறார். தலைமை என்பது படித்து வருவதா? அதை ஒரு பாடமாக எடுப்பதால் பயன் உண்டா?

பதில்: அன்புள்ள மாணவிக்கு, வணக்கம்.

தலைமைப் பண்புப் பாடத்தையே எடுங்கள் என்பது என் பரிந்துரை. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்தப் பாடம் பருவம் முழுவதும் உங்களிடம் ஏதேனும் ஒரு நிஜமான பொறுப்பை ஒப்படைப்பதாக இருக்க வேண்டும். புத்தகத்தைப் படித்து, ஐந்து மதிப்பெண், பத்து மதிப்பெண் வினாக்களுக்கு விடை எழுதுவதோடு முடிந்துவிடுவதாக இருந்தால், உங்கள் அப்பா சொல்வதைக் கேட்டு டாலிக்கே போய்விடலாம். இது எந்த வகைப் பாடம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் அப்பாவின் கவலையைப் பார்ப்போம். மூன்று ஆண்டுப் படிப்பு முடிந்ததும் வீட்டுக்கு ஒரு சம்பளம் வர வேண்டும் என்று ஒரு நெசவாளர் நினைப்பதில் எந்தத் தவறும் இல்லை. வணிகவியல் படித்தவர்களிடம் டாலி தெரியுமா என்று கேட்காத அலுவலகமும் குறைவு. எனவே டாலியை நீங்கள் கற்கத்தான் வேண்டும். ஆனால் டாலி ஒரு மென்பொருள். அதன் அடியில் இருக்கும் பற்று, வரவு, இருப்புநிலைக் குறிப்பு எல்லாவற்றையும் உங்கள் முதன்மைப் பாடங்களிலேயே படித்துவருகிறீர்கள். அடிப்படை தெரிந்த ஒருவர் கோடை விடுமுறையில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தே அதில் தேறிவிட முடியும். தமிழக அரசு 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் கீழ் உங்கள் கல்லூரியில் கணக்கியல் சார்ந்த பயிற்சி ஏதேனும் நடக்கிறதா என்றும் விசாரியுங்கள். பலரோடு சேர்ந்து ஒரு வேலையை எடுத்துச் செய்து, அதில் தடுமாறி, எங்கே தடுமாறினோம் என்று ஓர் ஆசிரியர் அருகிலிருந்து சுட்டிக்காட்டத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு கல்லூரிக்கு வெளியே மிக அரிது. அலுவலகத்தில் நீங்கள் குழுவை நடத்தத் தெரியாமல் தடுமாறினால் பெரும்பாலும் யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தர மாட்டார்கள்; அடுத்த முறை அந்தப் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

காமராஜரை எடுத்துக்காட்டும் உரிமை குடியாத்தத்துக்காரர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே உண்டு. 1954 ஏப்ரலில் அவர் முதலமைச்சர் பொறுப்பேற்றபோது சட்டமன்ற உறுப்பினராக இல்லை; அதே ஆண்டு நடந்த இடைத்தேர்தலில் அவரை வெற்றிபெறச் செய்து சட்டமன்றத்துக்கு அனுப்பியது உங்கள் ஊர்த் தொகுதிதான். அவர் பள்ளிப் படிப்பையே முடிக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் 1903இல் பிறந்த அவருக்கு முதல்வரானபோது வயது ஐம்பது என்பதை அப்பாவிடம் நினைவூட்டுங்கள். பதின்பருவத்தில் காங்கிரஸ் தொண்டராகச் சேர்ந்து, காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் அருகிலிருந்து கட்சிப் பணியைப் பழகி, மீண்டும் மீண்டும் சிறை சென்று, 1940இலிருந்து நெடுங்காலம் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியை நடத்தி, அதன் பிறகே அவர் அந்த நாற்காலிக்கு வந்தார். மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் நீண்ட படிப்பு அது. கட்டடமும் வருகைப் பதிவேடும் இல்லாமல் நடந்தது, அதுதான் வேறுபாடு. அந்தப் படிப்பின் விளைவை அவர் அமைச்சரவை அமைத்த விதத்திலேயே பார்க்கலாம். கட்சியின் சட்டமன்றத் தலைவர் தேர்தலில் தம்மை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையும், சுப்பிரமணியத்தின் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் அமைச்சர்களாகச் சேர்த்துக்கொண்டார். தோற்றவர்களை வெளியே நிறுத்தினால் அவர்கள் என்ன ஆவார்கள், உள்ளே அழைத்தால் என்ன ஆவார்கள் என்பதைக் கட்சிக்குள் ஆண்டுக்கணக்கில் கவனித்த ஒருவருக்கே அப்படிப்பட்ட முடிவு கைவரும். நல்ல தலைமைப் பண்பு வகுப்பு ஒன்றில் இதே நிகழ்வை எடுத்துவைத்து, வேறு என்ன வழிகள் அவர் முன் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் என்ன விலை கொடுக்க நேர்ந்திருக்கும் என்று ஒரு மணி நேரம் விவாதிக்க முடியும்.

தலைமை பிறவியிலேயே வருவதா என்ற கேள்வியை ஆய்வாளர்களும் நெடுநாள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உயரம், குரல், அறிவுக்கூர்மை, துணிவு என்று தலைவர்களுக்கே உரிய குணங்களைப் பட்டியலிட முயன்ற ஆய்வுகளை எல்லாம் ரால்ஃப் ஸ்டாக்டில் என்ற அமெரிக்க உளவியலாளர் 1948இல் தொகுத்துப் பார்த்தார். சில குணங்கள் உதவுகின்றன என்றாலும், குணங்களை மட்டும் வைத்து ஒருவர் எல்லாச் சூழலிலும் தலைவராவார் என்று சொல்லிவிட முடியாது, சூழலும் உடனிருப்பவர்களின் தேவையும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன என்பதே அவர் கண்ட முடிவு.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, அயோவா பல்கலைக்கழகத்தில் கர்ட் லெவின், ரொனால்டு லிப்பிட், ரால்ஃப் ஒயிட் ஆகியோர் நடத்தி 1939இல் வெளியிட்ட சோதனை எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. பத்து, பதினோரு வயதுச் சிறுவர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, முகமூடி செய்வது போன்ற கைவேலைகளை அவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒவ்வொரு குழுவையும் நடத்த ஒரு பெரியவர். அவர் சில வாரங்கள் எல்லாவற்றையும் தாமே முடிவு செய்து கட்டளையிட வேண்டும். வேறொரு குழுவுக்குப் போகும்போது சிறுவர்களோடு கலந்துபேசி முடிவெடுக்க வேண்டும். இன்னொரு முறையில் தலையிடாமல் ஒதுங்கி இருக்க வேண்டும். கட்டளை நடந்த குழுக்களில், பெரியவர் அறையில் இருந்தவரை வேலை நடந்தது. அவர் வெளியே போனதும் தளர்ந்தது. கலந்துபேசிய குழுக்களில் அவர் வெளியே போன பிறகும் வேலை தொடர்ந்தது. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரே பெரியவர், பயிற்சி பெற்று, வெவ்வேறு முறைகளில் நடந்துகொண்டார். அதற்கேற்பச் சிறுவர்களின் நடத்தையும் மாறியது. நடத்தை என்பது மாற்றிக்கொள்ளக்கூடியது என்றால், அது கற்றுக்கொள்ளக்கூடியதும் ஆகிறது.

அமெரிக்கச் சிறுவர்களிடம் கண்டதை அப்படியே நம் அலுவலகங்களுக்கும் தறிக்கூடங்களுக்கும் பொருத்திவிட முடியாது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். பாட்னாவில் பணியாற்றிய உளவியலாளர் ஜே.பி.பி. சின்ஹா 1980இல் முன்வைத்த கருத்து நமக்கு நெருக்கமானது. நம் நாட்டுப் பணியிடங்களில் மக்கள் மேலே இருப்பவரிடம் அக்கறையையும் வழிகாட்டலையும் எதிர்பார்க்கிறார்கள். எனவே உழைப்பைக் கண்டிப்பாகக் கேட்டுக்கொண்டே அன்பும் காட்டுகிறவர் தொடக்கத்தில் நன்றாகச் செயல்படுகிறார், பிறகு உடனிருப்பவர்கள் முதிர முதிர முடிவெடுப்பதில் அவர்களுக்குப் பங்கு கொடுத்துத் தாம் பின்வாங்கிக்கொள்கிறார் என்பது அவர் கூற்றின் சாரம். உங்களுக்குப் பிடித்த பள்ளித் தலைமையாசிரியை ஒருவரை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும்.

இனி உங்கள் கூச்சத்துக்கும் வகுப்புப் பிரதிநிதிப் பதவிக்கும் வருகிறேன். ஹார்வர்டில் பல ஆண்டுகள் இப்பாடத்தைக் கற்பித்த ரொனால்டு ஹைஃபெட்ஸ், அதிகாரத்தையும் தலைமையையும் தனித்தனியே வைத்துப் பார்க்கச் சொல்கிறார். அதிகாரம் ஒரு பதவியோடு வருவது. தலைமை, ஒரு கூட்டம் சந்திக்கத் தயங்குகிற சிக்கலை அது சந்திக்கும்படி செய்கிற வேலை. பதவி இல்லாதவரும் அந்த வேலையைச் செய்யலாம், பதவியில் இருப்பவர் செய்யாமலும் போகலாம். சிக்கல்களையும் அவர் இரண்டாகப் பிரிக்கிறார். சிலவற்றைத் தெரிந்த தொழில்நுட்பத்தைக் கொண்டே தீர்த்துவிடலாம். மற்றவை, சம்பந்தப்பட்டவர்கள் தங்கள் பழக்கத்தை மாற்றி, ஏதோ ஓர் இழப்பையும் ஏற்றுக்கொண்டால் மட்டுமே தீரும்.

இதற்கு நம் மாவட்டத்தில் இருப்பதைவிடச் சிறந்த பாடம் கிடைப்பது கடினம். பழைய வட ஆர்க்காட்டின் பல ஊர்கள் தோல் பதனிடும் தொழிலால் வாழ்ந்தவை. அந்தத் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பாலாற்றையும், கரையோரக் கிணறுகளையும், வயல்களையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பு வந்தது. கேடு வரும் முன்பே தடுக்க வேண்டும் என்பதும், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்பதும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று நீதிமன்றம் அறிவித்தது. தோல் தொழிற்சாலைகளுக்கு அபராதமும், சுத்திகரிப்பு ஏற்பாடு செய்யாதவற்றுக்கு மூடும் உத்தரவும் விதித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையத்தை அமைக்கச் சொன்னது. இன்றும் இந்தியாவின் சட்டக் கல்லூரிகளில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர்கள் வேலூரின் பெயரை இந்த வழக்கின் வழியாக அறிகிறார்கள்.

வழக்குத் தொடுத்தது ஒரு குடிமக்கள் அமைப்பு. தொழிற்சாலைகளுக்கு உத்தரவிடும் அதிகாரம் எதுவும் அதனிடம் இல்லை. தோல் தொழிலே பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்ட வட்டாரத்தில் அந்தத் தொழிலின் குற்றத்தை எடுத்துச் சொல்வது எல்லாருக்கும் இனிக்கிற காரியமும் அன்று. சுத்திகரிப்பு நிலையம் கட்டுவது தொழில்நுட்ப வேலை. அதன் செலவை யார் ஏற்பது, ஆலை மூடினால் கூலியாளின் அடுத்த வாரச் சம்பளம் என்னாவது, கிணறு கெட்ட விவசாயிக்கு யார் பதில் சொல்வது என்பவை எல்லாம் ஹைஃபெட்ஸ் சொல்லும் இரண்டாம் வகைச் சிக்கல்கள். ஆம்பூரில் ஆலைத் தொழிலாளியின் மகனும் வாணியம்பாடிக் கரையோர விவசாயியின் மகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து இதை விவாதித்தால், தலைமை என்பது மேடைப் பேச்சு என்ற எண்ணம் ஒரே நாளில் போய்விடும். இழப்பை யாருக்கு எவ்வளவு என்று நியாயமாகப் பங்கிடுவதும், அந்த இழப்பைப் பற்றி ஒளிக்காமல் பேசுவதும் அதன் பெரும்பகுதி என்று புரியும். இந்த வேலைக்குக் காது கொடுத்துக் கேட்கிறவர்களே முதலில் தேவை. கூச்சம் உள்ளவர்கள் பலர் அதில் தேர்ந்தவர்களாக இருப்பதை வகுப்பறையில் நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன்.

கூச்சமுள்ள, படிப்பில் கெட்டியான மாணவிகளுக்கு வேறொரு ஆபத்து உண்டு. அதைச் சொல்லாமல் விட முடியாது. யாரிடமும் வேலை கேட்கத் தயங்கி, குழு வேலை முழுவதையும் தாங்களே இரவில் உட்கார்ந்து முடித்துக் கொடுத்துவிடுவார்கள். மதிப்பெண் குழுவுக்கே கிடைக்கும், கற்றது எதுவும் இராது. வேலூர்க்காரர்களுக்கு, சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய மருத்துவர் ஐடா ஸ்கடரைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. வருகிற நோயாளிகளை எல்லாம் தாமே பார்த்துக்கொண்டிருந்தால் அவருடைய ஆயுளோடு அந்த வேலை முடிந்திருக்கும். 1909இல் செவிலியர் பயிற்சியையும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கி, தம் வேலையைச் செய்யக்கூடிய பிறரை உருவாக்கினார். குழு வேலை வரும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த நிபந்தனை. பாடம் நடத்தப்போகும் ஆசிரியரை நேரில் பார்த்து, மொத்த மதிப்பெண்ணில் எவ்வளவு எழுத்துத் தேர்வுக்கு, எவ்வளவு களப்பணிக்கு என்று கேளுங்கள். களப்பணி உண்டு என்றால் அது வகுப்புக்குள் நடக்கும் நடிப்புப் பயிற்சியா, வெளியே உண்மையான மனிதர்களோடு செய்கிற வேலையா என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, மாணவர்கள் செய்ததைப் பற்றி அவ்வப்போது உட்கார்ந்து பேசும் வழக்கம் உண்டா என்று கேளுங்கள். இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு ஓர் உதாரணம் தருகிறேன்.

நான் இப்பாடத்தை நடத்திய ஒரு பருவத்தில், எட்டு மாணவிகள் கொண்ட குழு ஒன்று அணைக்கட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், மேல்நிலைத் தொட்டியிலிருந்து எந்தத் தெருவுக்கு எப்போது குடிநீர் வருகிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி ஊராட்சியிடம் கொடுக்கும் பணியை எடுத்துக்கொண்டது. பொறுப்பாளராக இருந்த மாணவி வாரந்தோறும் ஒரு குறிப்பேட்டில் நடந்ததை எழுத வேண்டும். முதல் குறிப்பில் "இரண்டு பேர் ஒத்துழைப்பதில்லை, சனிக்கிழமை வருவதே இல்லை" என்று எழுதியிருந்தார். அதன் ஓரத்தில் நான் ஒரே கேள்வியை எழுதித் திருப்பிக் கொடுத்தேன்: "ஏன் வரவில்லை என்று அவர்களிடம் கேட்டீர்களா?" அடுத்த குறிப்பு வேறு மாதிரி இருந்தது. ஒருத்தி சனி, ஞாயிறு இரண்டு நாளும் பாகாயத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்துத் தன் கட்டணத்தைத் தானே கட்டுகிறவள். மற்றவளின் வீட்டில், பெண்பிள்ளை தனியாக வேறு ஊருக்குப் போகக் கூடாது என்று தடை. முதலாமவள் வார நாள் இரவுகளில் விவரங்களை எல்லாம் கணினியில் ஏற்றித் தருவதாக ஒப்புக்கொண்டாள். இரண்டாமவளின் வீட்டுக்குப் பொறுப்பாளர் இன்னொரு தோழியோடு நேரில் போய், அவளுடைய அம்மாவிடம் பேசி, பேருந்து ஏறுவதிலிருந்து திரும்புவதுவரை உடனிருப்போம் என்று சொல்லி அழைத்துவந்தார். ஒரு தெருவில் பெண்கள் சொல்லத் தயங்கிய விவரங்களை எல்லாம் கேட்டு வாங்கியது அந்த மாணவிதான். கேள்வி கேட்டுக் குறிப்பேட்டைத் திருப்பித் தர ஓர் ஆசிரியர் இல்லாமல் போயிருந்தால், "ஒத்துழைப்பதில்லை" என்ற தீர்ப்போடு அந்தப் பருவம் முடிந்திருக்கும். தலைமைப் பண்பைப் பட்டப்படிப்பில் வைப்பதற்கான காரணம் முழுவதும் எனக்கு இந்த இடத்தில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் ரிச்மண்ட் பல்கலைக்கழகத்தின் ஜெப்சன் பள்ளி 1992இலிருந்து இளநிலைப் பட்டத்துக்கே இதை ஒரு துறையாக வைத்து, வரலாறு, மெய்யியல், உளவியல், அரசியல் அறிவியல் ஆகியவற்றின் வழியே கற்பித்துவருகிறது. நம் நாட்டிலும் பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் வெளியிட்ட வாழ்க்கைத் திறன் பாடத்திட்டத்தில் தலைமைக்கும் மேலாண்மைக்கும் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. ஆனால் பாடத்திட்டத்தில் இருப்பது வேறு, வகுப்பில் நடப்பது வேறு. பெரும் பணக்காரர்களின் படங்களைத் திரையில் காட்டி, தன்னம்பிக்கையோடு இருங்கள் என்று சொல்லி அனுப்புகிற வகுப்பால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை. இரண்டே நாளில் தலைமைச் சான்றிதழ் தருகிறோம் என்று கட்டணம் கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நேர்முகத் தேர்வுக் குழுக்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். சான்றிதழின் தலைப்பை அங்கே யாரும் பொருட்படுத்துவதில்லை. "ஒரு முறை உங்கள் குழுவில் கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள்?" என்று கேட்பார்கள். அந்தக் குறிப்பேட்டு மாணவிக்கு அதற்குச் சொல்ல ஒரு பதில் இருந்தது.

உங்கள் கல்லூரியில் களப்பணி இல்லை, ஆசிரியர் மட்டும் நல்லவர் என்றால், நீங்களே அதை இணைத்துக்கொள்ள வழி உண்டு. நாட்டு நலப்பணித் திட்டம், காந்தி நூற்றாண்டான 1969இலிருந்து நம் கல்லூரிகளில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் சிறப்பு முகாமும் அதில் உண்டு. முகாமில் மேடை நிகழ்ச்சியை விட்டுவிட்டுச் சமையலுக்கான பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். காய்கறிக் கணக்கு, பாத்திரம் கழுவும் முறை, சாப்பாடு தாமதமானால் எழும் முணுமுணுப்பு என்று கற்க வேண்டியவை எல்லாம் அங்கே இருக்கும். கிராமத்தில் இருக்கும் நாளில் கிராம சபை கூடினால் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து, யார் பேசுகிறார்கள், யார் பேச எழுந்து மறுபடி உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று கவனியுங்கள்.

அப்பாவிடம் இதைப் பற்றி வாதாட வேண்டாம். அவர் நெசவாளர் கூட்டுறவுச் சங்க உறுப்பினராக இருந்தால், பாவு நூலும் ஊடை நூலும் தட்டுப்பாடாகும் மாதங்களில் யாருக்கு முதலில் கொடுப்பது என்று சங்கத்தில் எப்படி முடிவெடுக்கிறார்கள், கூலி உயர்வுப் பேச்சு நடந்தபோது யார் முன்னின்றார், யார் சொன்னால் எல்லாரும் கேட்டார்கள், ஏன் கேட்டார்கள் என்று ஒரு மாலை உட்கார்ந்து கேளுங்கள். சங்கத்தில் இல்லாமல் மேஸ்திரியிடம் பாவு வாங்கி நெய்கிறவராக இருந்தாலும் இதே கேள்விகளுக்கு அவரிடம் பதில் இருக்கும். அவர் சொல்வதை எழுதி வைத்துக்கொண்டால் உங்கள் முதல் கட்டுரைக்கான பொருள் கிடைத்துவிடும். மகள் எதைப் படிக்க விரும்புகிறாள் என்பதும் அவருக்குத் தானாக விளங்கும்.

விருப்பப்பாடப் படிவத்தைக் கொடுக்கக் கடைசி நாள் எது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அதற்கு முன்பே ஆசிரியரைப் பார்த்துவிடுங்கள். முந்தைய ஆண்டு இப்பாடத்தை எடுத்த மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவரிடமும் வினாத்தாளை வாங்கிப் பாருங்கள். இலக்கணம் கூறுக, வகைகளை விளக்குக என்ற கேள்விகள் மட்டுமே அதில் இருந்தால், களப்பணி பற்றி ஆசிரியர் சொன்னதை மீண்டும் ஒருமுறை உறுதிசெய்துகொண்டு பிறகு முடிவெடுங்கள். கோடை விடுமுறைக்கான டாலி வகுப்புக்கும் இப்போதே பெயர் கொடுத்துவிட்டு, அந்த ரசீதையும் அப்பாவிடம் காட்டுங்கள்.